அச்சம் சூழ்ந்த கரையில் யோசப் வாஸ் அடிகளார்

ஜனவரி 16 ஆம் திகதி இலங்கைக் கத்தோலிக்கர்களுக்குப் புனித யோசப் வாஸ் அடிகளாரின் திருநாளாகும். 1711 ஆம் ஆண்டு அதே நாளில் அவர் கண்டியில் காலமானார். 2015 இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்ட பின்னர் அவரது பெயரை அறியாதோர் எம்மிடையே அரிது. ஆயினும் அவரது வாழ்க்கையை ஊன்றிப் படித்தோர் எத்தனை பேர் என்று கேட்டால் கிடைக்கும் விடை மகிழ்ச்சி தருவதாக இராது. பெரியோரைப் பீடத்தில் ஏற்றி வைத்துவிட்டு அவர்கள் பட்ட பாட்டை மறந்துவிடுவது எல்லாச் சமயத்தாரிடமும் உள்ள வழக்கமே. அடிகளாரின் அற்புதங்களை விரித்துரைப்பது இங்கு எமது நோக்கமன்று. அச்சம் ஆட்சி செய்த காலத்தில், அச்சத்தோடு குடியிருந்த மக்களிடம் வந்து சேர்ந்த ஒரு மனிதர் அந்த அச்சத்தை எவ்வாறு எதிர்கொண்டார் என்பதையே நாம் நோக்க விழைகின்றோம். தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழ்ந்தும், அருகருகே அஞ்சியும் வந்துள்ள மன்னார் மண்ணிலிருந்து பார்க்கையில் இது பழங்கதையாக எமக்குத் தோன்றவில்லை.

மன்னார்த் தீவின் கிறிஸ்தவ வரலாறே இரத்தத்தில் தொடங்கியது. 1544 ஆம் ஆண்டு, முத்துக்குளித்துறைக் கரையில் பணியாற்றிக்கொண்டிருந்த புனித பிரான்சிஸ் சவேரியாரிடம் மன்னார் மக்கள் ஆளனுப்பித் தமக்கும் திருமறையைப் போதிக்குமாறு வேண்டினர். தாம் வர இயலாத நிலையில் அவர் ஒரு குருவை அனுப்பி வைத்தார். திருமுழுக்குப் பெற்ற அம்மக்களை யாழ்ப்பாண மன்னன் சங்கிலி படையோடு வந்து கொல்வித்தான். மாண்டோர் ஏறத்தாழ 600 பேர் என்பர். அவர்கள் வீழ்ந்த பகுதியாகக் கருதப்படும் தோட்டவெளியில் இன்றும் வேதசாட்சிகளின் நினைவு போற்றப்படுகின்றது. சங்கிலியின் செயலை எவ்வகையிலும் நாம் நியாயப்படுத்தப் போவதில்லை. எனினும் புதிய சமயத்தின் பின்னால் போர்த்துக்கேயரின் பீரங்கிகளும் வந்து சேரும் என்று அம்மன்னன் அஞ்சியது வீண் அச்சமன்று. 1560 இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினர். அரசனின் அச்சம் குடிகளின் குருதியில் முடிந்தது; குடிகளின் அச்சமோ அதன் பின்னும் முடியவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமற் சொல்லியாக வேண்டும். போர்த்துக்கேயர் ஆட்சியில் கத்தோலிக்க சமயம் அதிகாரத்தின் நிழலில் வளர்ந்தது. பாடல் பெற்ற திருக்கேதீச்சரம் அக்காலத்திலேயே இடித்து அழிக்கப்பட்டது. 1626 ஆம் ஆண்டில் தமது ஆட்சிப் பரப்பிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றப் போர்த்துக்கேயர் முற்பட்டபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுக்குப் புகலிடம் அளித்து, பெருந்தொகையினரை மட்டக்களப்புக் கரையில் குடியமர்த்தினான். பௌத்த மன்னன் ஒருவன் முஸ்லிம் மக்களுக்குக் கதவு திறந்த அந்த நிகழ்வை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். எழுபது ஆண்டுகளுக்குள் அதே கதவு ஒரு கத்தோலிக்கக் குருவுக்கும் திறக்கப்பட்டது.

1658 இல் ஒல்லாந்தர் முதலில் மன்னாரையும் பின்னர் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றினர். போர்த்துக்கேயர் பிறருக்குச் செய்ததை ஒல்லாந்தர் கத்தோலிக்கருக்குச் செய்தனர். குருமார் நாடு கடத்தப்பட்டனர். கத்தோலிக்கக் குரு ஒருவருக்கு வீட்டில் இடம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. ஆலயங்கள் ஒல்லாந்தத் திருச்சபையின் வசமாகி, அவற்றுட் பல பள்ளிக்கூடங்களாயின. குழந்தையின் திருமுழுக்கும் மணமக்களின் பெயரும் பள்ளிக்கூடத் தோம்பில் பதியப்படாவிடில் சொத்துரிமைக்கும் உத்தியோகத்துக்கும் இடையூறு நேர்ந்தது. ஆகவே மக்கள் பகலில் ஒல்லாந்தரின் ஆலயத்துக்குச் சென்றனர். இரவில் கதவைத் தாழிட்டுச் செபமாலை சொல்லினர். ஒரு வீட்டுக்குள்ளேயே எவரை நம்புவது, எவரிடம் மறைப்பது என்ற கேள்வி எழுந்தது. வெளியே நிற்கும் சிப்பாயைவிட அயலவனின் கண்ணுக்கு அஞ்சும் வாழ்வு எத்தகையது என்பதை எமது தலைமுறைக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

மடுமாதாவின் வரலாறும் இக்காலத்திலிருந்தே தொடங்குகின்றது. மாந்தையில் இருந்த தேவமாதாவின் திருச்சொரூபத்தைக் காப்பாற்றும் பொருட்டு இருபது குடும்பங்கள் அதனைச் சுமந்துகொண்டு வன்னிக் காட்டுக்குள் சென்றதாகவும், யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்த கத்தோலிக்கரும் அங்கே அவர்களோடு கூடியதாகவும், மருதமடு அவ்வாறே திருத்தலமாயிற்று என்றும் மரபு கூறும். இது 1670 ஆம் ஆண்டளவில் நிகழ்ந்ததாகக் கொள்வர். குருவானவர் எவரும் இல்லை, திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் கேட்பார் இல்லை. இந்நிலை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நீடித்தது.

யோசப் வாஸ் 1651 ஆம் ஆண்டு ஏப்ரல் 21 ஆம் திகதி கோவாவில், தாயாரின் ஊராகிய பெனாவுலிமில் பிறந்தார். தந்தையார் சங்கவாலே ஊரைச் சேர்ந்தவர். கொங்கணி பேசும் பிராமணர் குலத்திலிருந்து கத்தோலிக்கரான குடும்பம் அது. போர்த்துக்கேய மொழியையும் இலத்தீனையும் கற்றுத் தேர்ந்து, 1676 இல் குருவானார். குருவான பின் மிதியடி அணிவதை விட்டு வெறுங்காலுடன் நடந்தார் என்பது அவரைப் பற்றிய முதற் செய்திகளுள் ஒன்று. அடுத்த ஆண்டு, தேவமாதாவுக்குத் தம்மை அடிமையாக ஒப்புக்கொடுக்கும் சாசனம் ஒன்றை எழுதிக் கையொப்பமிட்டார். அடிமைகள் வாங்கி விற்கப்பட்ட அக்காலத்தில், ஏழைகள் ஆளோலை எழுதிக் கொடுத்த அக்காலத்தில், அடிமைச் சாசனம் என்ற சொல்லுக்கு இருந்த பாரத்தை இன்று நாம் எளிதில் உணரமாட்டோம்.

இலங்கைக் கத்தோலிக்கர் குருவின்றித் தவிக்கும் செய்தி கோவாவை எட்டியபோது அவர் அங்கே செல்ல விரும்பினார். மேலிடம் இணங்கவில்லை. அவரைக் கன்னடக் கரைக்கு அனுப்பியது. அங்கே 1681 முதல் 1684 வரை, இரு திருச்சபை அதிகாரங்களுக்கிடையே நிலவிய உரிமைப் பிணக்கைத் தணித்துக்கொண்டே பணி செய்தார். கோவா திரும்பியதும், ஒன்றாகக் கூடி வாழ்ந்து செபத்திலும் தவத்திலும் ஈடுபட்டிருந்த சுதேசக் குருமாரின் சிறு குழுவில் இணைந்தார். புனித பிலிப்பு நேரியின் ஒழுங்கைத் தழுவிய அக்குழு, அவரையே தலைவராகத் தெரிந்தெடுத்தது. 1686 இல் அப்பதவியைத் துறந்து, யோவான் என்ற பணியாளுடன் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். மதிப்பும் பாதுகாப்பும் உள்ள பதவியை விட்டு, கொலைத் தண்டனை காத்திருக்கும் நாட்டுக்குச் செல்ல அவரை எவரும் ஏவவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். அவரைப் பின்தொடரக் கப்பற் படையும் இல்லை. அரசாங்கத்தின் வேதனமும் இல்லை. பீரங்கியோடு வந்த சமயம் பீரங்கியோடு போய்விட்டது. இனி வருபவர் வெறுங்கையோடு வர வேண்டியிருந்தது. அதுவே நன்மையாயிற்று என்பது எமது கருத்து.

1687 ஆம் ஆண்டு குருத்தோலை ஞாயிறன்று அவர் தூத்துக்குடியை அடைந்தார். அங்கே குருவின் அங்கியைக் களைந்துவிட்டு இடையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு, கூலியாள் கோலத்தில் தோணியேறினார். கடல் கொந்தளித்தது. தோணி அலைக்கழிக்கப்பட்டு, பசியாலும் தாகத்தாலும் வாடிய நிலையில் மன்னார்க் கரையில் ஒதுங்கியதாக வரலாற்றாசிரியர்கள் கூறுவர். அங்கிருந்து யாழ்ப்பாணம் சென்று சேர்ந்தார். மன்னார்க் கடலை அறிந்தவர்களுக்கு இப்பயணம் எத்தகையது என்பது புரியும். எமது காலத்தில் இதே கடலைச் சிறு படகுகளில் இரவோடிரவாகக் கடந்து இராமேசுவரக் கரைக்குச் சென்றோர் ஆயிரக்கணக்கானோர். மணல் திட்டுகளில் இறக்கிவிடப்பட்டுத் தண்ணீரின்றித் தவித்தோர் உண்டு. திரும்பி வராதோரும் உண்டு. அவர்கள் அச்சத்திலிருந்து விலகி அக்கரைக்கு ஓடினர். அடிகளார் அச்சத்தை நோக்கி இக்கரைக்கு வந்தார்.

யாழ்ப்பாணத்தில் அவரை முதலில் வரவேற்றது வயிற்றுக்கடுப்பு நோய். யோவானும் நோயுற்றார். இருவரையும் அறிந்தார் எவரும் இல்லை. பிச்சைக்காரர் இருவர் நோயுற்றுக் கிடந்தால் ஊரார் என்ன செய்வரோ அதுவே நிகழ்ந்தது; ஒதுக்குப்புறமான ஒரு குடிசையில் அவர்கள் கைவிடப்பட்டனர். இரக்கமுள்ள ஒரு பெண்மணி கொண்டுவந்து கொடுத்த கஞ்சியே அவர்களது உயிரைக் காத்தது. அப்பெண்மணியின் பெயர் வரலாற்றில் இல்லை. இலங்கைத் திருச்சபையின் மறுமலர்ச்சியை நாம் பேசும்போது பெயர் தெரியாத அந்தக் கஞ்சிப் பானையையும் சேர்த்தே பேச வேண்டும் எனத் தோன்றுகின்றது.

நோய் நீங்கியதும் அடிகளார் செபமாலை ஒன்றைக் கழுத்தில் வெளிப்படையாக அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குச் சென்றார். செபமாலையைக் கண்டு முகம் சுளிப்போர் யார், கண் கலங்குவோர் யார், அவசரமாகக் கதவை மூடுவோர் யார் என்று அவதானித்தார். கத்தோலிக்கரை இனங்காண அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. இதில் துணிவும் உண்டு, கணக்கும் உண்டு. கழுத்தில் செபமாலை இருப்பது ஆபத்து. ஆனால் அதை அணிந்தவன் பைத்தியக்காரப் பிச்சைக்காரனாகத் தோற்றமளிப்பது பாதுகாப்பு. சில நாட்களில் நம்பகமான ஒருவர் அவரிடம் இரகசியமாகப் பேசினார். அவர் குரு என்பது தெரிந்ததும் செய்தி வாய்க்கு வாய் பரவியது. கத்தோலிக்கர் செறிந்து வாழ்ந்த சில்லாலை அவருக்கு அரணாயிற்று. பகலில் மறைந்திருந்து இரவில் பணி செய்தார். ஒரே வீட்டில் பல நாட்கள் தங்குவதில்லை. தமிழையும் கற்றுக்கொண்டார்.

ஒரு நத்தார் இரவில் திருப்பலிக்காகக் கூடியிருந்த கத்தோலிக்கரை ஒல்லாந்தச் சிப்பாய்கள் சுற்றி வளைத்தனர். நூற்றுக்கணக்கானோர் பிடிபட்டனர். அடிகளார் அகப்படவில்லை. பிடிபட்டோரில் முதன்மையானவர்கள் அடித்துத் துன்புறுத்தப்பட்டனர். ஒருவர் அந்த அடியினாலேயே உயிர் துறந்தார். தம் பொருட்டு மற்றவர்கள் வதைபடுவதைக் கேட்டுக்கொண்டு மறைந்திருப்பது, தாமே அகப்பட்டுச் சாவதைவிடக் கொடியது. அவரது வாழ்க்கையில் மிகக் கடினமான நாட்கள் கண்டிச் சிறையில் கழிந்தவை என்று பலர் எழுதுவர். எம்மைக் கேட்டால், இந்த நத்தாரை அடுத்த நாட்களே அவை என்போம். தமது உயிருக்கான அச்சத்தை ஒருவர் வெல்லக்கூடும். தம்மால் பிறருக்கு நேரக்கூடிய தீங்கைப் பற்றிய அச்சத்துக்கு மருந்து எளிதில் கிடைப்பதில்லை.

1690 ஆம் ஆண்டு அவர் புத்தளத்துக்குச் சென்றார். அப்பொழுது புத்தளம் கண்டி மன்னனின் ஆட்சிக்குட்பட்ட துறைமுகமாக இருந்தது. ஒல்லாந்தரின் கை அங்கே நேராக எட்டவில்லை. ஓராண்டுக் காலம் அங்கே தங்கி வெளிப்படையாகப் பணியாற்றினார். வடக்கில் வாழ முடியாது போனவருக்குப் புத்தளம் இடம் கொடுத்தது. முந்நூறு ஆண்டுகளின் பின், 1990 ஆம் ஆண்டு ஒக்டோபரில், விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை ஒட்டுமொத்தமாக வெளியேற்றியபோது, மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் தமது வீடு வாசல்களை விட்டுப் படகுகளில் கற்பிட்டியை அடைந்தனர். எருக்கலம்பிட்டி போன்ற பழைமை வாய்ந்த ஊர்கள் வெறிச்சோடின. வெளியேற்றப்பட்டோர் 70,000 பேருக்கு மேற்பட்டோர். அவர்களுட் பெரும்பாலோர் தஞ்சம் புகுந்ததும் அதே புத்தளம் மாவட்டத்திலேயே. தற்செயலான ஒற்றுமைதான். ஆயினும் துரத்தியவர்களும் துரத்தப்பட்டவர்களும் தமிழ் பேசியவர்கள் என்பதைத் தமிழ் வாசகர்கள் இப்பொழுதாவது தயக்கமின்றி ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த அச்சத்துக்குப் பரிகாரம் இன்னும் முழுமையாகக் கிடைக்கவில்லை.

1692 இல் அடிகளார் கண்டிக்குச் சென்றார். அரசவையில் செல்வாக்குப் பெற்றிருந்த லானரோல் என்ற பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்தர், வருகின்றவர் போர்த்துக்கேய ஒற்றர் என்று மன்னனிடம் கூறினார். கோவாவிலிருந்து வரும் குரு ஒற்றராக இருக்கக்கூடும் என்று கண்டி அரசு ஐயுற்றதில் வியப்பில்லை. போர்த்துக்கேயருடன் அது பட்ட பாடு அத்தகையது. அடிகளார் விலங்கிடப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார். அங்கே அவர் செய்த முதற் காரியம் சிங்களம் படிக்கத் தொடங்கியது. தமக்கு இன்னும் எத்தனை நாட்கள் எஞ்சியுள்ளன என்பதை அறியாத ஒரு கைதி, புதிய மொழி ஒன்றின் எழுத்துகளைக் கற்க உட்காருகின்றார். நாளடைவில் காவல் தளர்ந்தது. சிறை வளவுக்குள்ளேயே ஓலைக் குடிசை ஒன்றை அமைத்துத் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். கண்டியில் சிறைபட்டிருந்த கத்தோலிக்கர் மெல்ல மெல்ல அங்கே வந்து கூடினர்.

மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் பௌத்தத்தில் ஆழ்ந்த பற்றுடையவன். அருகிப்போயிருந்த உபசம்பதா வழக்கத்தை மீட்பதற்கு அரக்கான் நாட்டிலிருந்து பிக்குகளை வருவித்தவன் அவனே. நாட்டில் கடும் வறட்சி நேர்ந்தபோது மன்னன் அடிகளாரையும் மழைக்காகச் செபிக்குமாறு வேண்டினான் என்றும், அவர் நகரச் சதுக்கத்தில் பீடமும் சிலுவையும் அமைத்துச் செபித்தபோது மழை கொட்டியது என்றும், அவர் நின்ற இடம் மாத்திரம் நனையவில்லை என்றும் அவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர். இதனை நம்புவோர் நம்பட்டும்; ஆராய்வோர் ஆராயட்டும். வானம் பொய்த்தபோது திறந்தவெளியில் கூடி மழைத் தொழுகை நடத்தும் வழக்கம் முஸ்லிம்களிடம் உண்டு. கோயில்களில் வருண வழிபாடு செய்வது இந்துக்களின் மரபு. வரண்ட வலயமாகிய மன்னாரில் வாழ்வோர்க்கு, கட்டுக்கரைக் குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவோர்க்கு, மழைக்காக மன்றாடும் மனிதனை விளங்கிக்கொள்வது கடினமன்று. மன்னன் அதன் பின்னர் அடிகளாரை நாடெங்கும் சென்று போதிக்க அனுமதித்தான் என்பதே வரலாற்றுக்கு வேண்டிய செய்தி.

1697 இல் கோவாவிலிருந்து மேலும் குருமார் வந்து சேர்ந்தனர். அவர்களுள் யோசப் கர்வாலோ என்பவர் அடிகளாரின் உறவினர். அவ்வாண்டிலேயே கண்டியில் பெரியம்மை பரவியது. அம்மைப்பால் கட்டும் முறையை ஜென்னர் கண்டறிய இன்னும் நூறாண்டு இருந்தது. நோய் கண்டவரைத் தொட எவரும் துணியவில்லை. தாய் பிள்ளையையும் பிள்ளை தாயையும் விட்டு ஓடினர். நோயாளர் காட்டோரங்களிலும் தெருக்களிலும் கிடத்தப்பட்டனர். மன்னனும் பிரபுக்களும் தலைநகரை விட்டகன்றனர். ஓடியவர்களைக் குறை கூற எமக்கு உரிமையில்லை. 2020 ஆம் ஆண்டில் கொவிட் தொற்று பரவியபோது நாம் எவ்வாறு நடந்துகொண்டோம் என்பது எமக்குத் தெரியும். நோயுற்ற அயலவரின் வீட்டு வாசலை எட்டிப் பார்க்க அஞ்சினோம். இறந்தோரின் உடலைக்கூட அஞ்சினோம். அந்த அச்சம் அரச ஆணையாகவும் மாறி, முஸ்லிம்களின் சடலங்கள் அவர்களது மார்க்கத்துக்கு மாறாக எரிக்கப்பட்டன. உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்யலாம் என்று கூறியிருந்தும், 2021 ஆம் ஆண்டு பெப்ரவரி இறுதிவரை அவ்வாணை மாற்றப்படவில்லை.

அடிகளாரும் கர்வாலோவும் ஓடவில்லை. கைவிடப்பட்டோரைத் தேடிச் சென்று, கொட்டில்களும் வெறுமையாகக் கிடந்த வீடுகளும் நோயாளருக்கான இடங்களாக ஆக்கப்பட்டன. கஞ்சி காய்ச்சி ஊட்டினர். புண்களைக் கழுவினர். மலசலம் அகற்றினர். இறந்தோரைச் சுமந்து சென்று புதைத்தனர். பௌத்தர் என்றும் கத்தோலிக்கர் என்றும் அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை. நோய் தணிந்து மன்னன் திரும்பியபோது அடிகளாரின் நிலை முற்றாக மாறியிருந்தது. ஒற்றர் என்று அவரைச் சிறையிட்ட அரசே அவருக்கு முழுச் சுதந்திரம் வழங்கியது. மழையைவிட இந்த ஊழியமே மக்களின் மனத்தைத் திறந்தது என்று நாம் கருதுகின்றோம்.

இம்மனிதருக்கு அச்சமே இருக்கவில்லையா என்ற கேள்வி எழலாம். அவ்வாறு கூறுவது அவருக்குச் செய்யும் மரியாதையன்று. அச்சமில்லாதவர் கூலியாள் வேடம் போடமாட்டார், இரவில் நடமாடமாட்டார், வீடு மாற்றி வீடு தங்கமாட்டார். ஆபத்தை அவர் அளந்தறிந்தே நடந்தார். செய்யக்கூடிய முன்னேற்பாடுகளைச் செய்துவிட்டு எஞ்சியதை இறைவனிடம் ஒப்படைத்தார். முஸ்லிம் வாசகர்கள் இதனைத் தவக்குல் என்று அறிவர். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டுமாறு நபிகள் நாயகம் அறிவுறுத்தியதை மதுரசாச் சிறுவனும் அறிவான். அடிகளார் அறிந்திருக்க வாய்ப்பில்லாத அந்த அறிவுரையின்படியே அவரது வாழ்க்கை அமைந்திருந்தது.

அவரது செபம் ஆபத்து வந்தபோது மாத்திரம் எழுந்த அலறலும் அன்று. ஒழுங்கு தவறாத வழக்கம் அது. கோவாவில் குழுவாக வாழ்ந்த நாட்களில் பழகிய தியான நேரங்களை அவர் காட்டு வழியிலும் சிறையிலும் கைவிடவில்லை. நாள்தோறும் குறித்த நேரத்தில் மௌனமாக இருப்பதும், செபமாலை சொல்வதும், முடிந்தபோதெல்லாம் திருப்பலி ஒப்புக்கொடுப்பதும் அவரது நாளைத் தாங்கி நின்ற தூண்கள். பதைப்பு மிகுந்த மனத்துக்கு இத்தகைய ஒழுங்கு என்ன செய்யும் என்பதை ஐவேளைத் தொழுகையைக் கடைப்பிடிப்போர் அறிவர். அடுத்த நாள் என்ன நேரும் என்பது தெரியாது. ஆனால் அடுத்த வேளையில் என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும். மேலும், அவர் தம்மைப் பற்றிய கவலையை இறைவனிடம் கையளித்துவிட்டபடியால், நோயாளியின் புண்ணைக் கழுவும்போது அந்தப் புண்ணை மட்டுமே பார்க்க முடிந்தது. செபம் தீராத நோயைத் தீர்க்கும் என்று நாம் எழுத வரவில்லை. மனக்கலக்கத்தால் வருந்துவோர் மருத்துவரை நாடுவது நம்பிக்கைக்குக் குறைவுமன்று. அடிகளாரே நோயாளருக்கு முதலில் கொடுத்தது கஞ்சியையும் தூய நீரையும்தான்.

கொச்சி ஆயர் அவரை இலங்கைக்கான முதன்மைக் குருவாக நியமித்தார். 1705 இல் மேலும் குருமார் வந்ததும் நாட்டைப் பணித்தளங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒருவரைப் பொறுப்பாக்கினார். அவ்வாண்டில் வந்தவர்களுள் ஒருவரான யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார், சிங்களத்திலும் தமிழிலும் கிறிஸ்தவ இலக்கியத்துக்கு அடித்தளம் இட்டவர். அவரைப் பற்றித் தனியே எழுத வேண்டும். யோசப் வாஸ் அடிகளார் வடக்கிலும் தெற்கிலும் ஓயாது நடந்தார். ஒல்லாந்தர் ஆண்ட பகுதிகளுக்குள்ளும் மாறுவேடத்தில் மீண்டும் மீண்டும் நுழைந்து திரும்பினார். 1711 ஜனவரி 16 ஆம் திகதி, அறுபது வயது நிறைவதற்கு முன்பே காலமானார். இலங்கைக்கு வந்த பின் அவர் ஒருபோதும் கோவாவுக்குத் திரும்பவில்லை.

1995 ஆம் ஆண்டு ஜனவரி 21 ஆம் திகதி பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொழும்பு காலிமுகத்திடலில் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015 ஆம் ஆண்டு ஜனவரி 14 ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் அதே இடத்தில் அவரைப் புனிதராக உயர்த்திவிட்டு, அன்று பிற்பகலே மடுத் திருத்தலத்துக்கு வந்தார். அன்று மடுவில் கூடியிருந்தோருள் உறவுகளை இழக்காதோர் சிலரே. 1999 நவம்பர் 20 ஆம் திகதி அந்த ஆலய வளாகத்தில் எறிகணை வீழ்ந்து ஏறத்தாழ 40 பேர் மாண்டதை அவர்கள் மறந்திருக்கவில்லை. 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது மாதாவின் சொரூபத்தைக் குருமார் தேவன்பிட்டிக்குக் கொண்டு சென்றதையும், ஓகஸ்டில் அது திரும்பி வந்ததையும் அவர்கள் கண்டிருந்தனர். மாந்தையிலிருந்து காட்டுக்குச் சுமந்து செல்லப்பட்ட அதே சொரூபம் மூன்று நூற்றாண்டுகளின் பின் மீண்டும் சுமக்கப்பட்டது.

அடிகளார் பிறந்த ஏப்ரல் 21 ஆம் திகதியே 2019 இல் உயிர்த்த ஞாயிறாக அமைந்தது. அன்று கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும், கொழும்பு விடுதிகளிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்து 250 க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். கொச்சிக்கடை ஆலயம், ஒல்லாந்தர் காலத்தில் வணிகர் வேடத்தில் மறைந்து வாழ்ந்த அந்தோனியோ என்ற குருவால் தொடங்கப்பட்டது என்பது மரபு. அதாவது யோசப் வாஸ் அடிகளார் திறந்துவிட்ட பாதையின் வழியே எழுந்த ஆலயம் அது. குண்டுவெடிப்பின் பின் சில வாரங்கள் ஞாயிறு திருப்பலிகள் நிறுத்தப்பட்டன. மக்கள் தொலைக்காட்சியின் முன் முழந்தாளிட்டனர். அதே வாரங்களில் முஸ்லிம்கள் தமது வீடுகளுக்குள் ஒடுங்கினர். மே மாதத்தில் வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் அவர்களது பள்ளிவாசல்களும் கடைகளும் தாக்கப்பட்டன. எவரோ சிலர் செய்த கொடுமைக்கு ஒரு சமூகமே ஐயத்துக்குள்ளாயிற்று. கோவாவிலிருந்து வந்த குரு ஒற்றராகத்தான் இருப்பார் என்று கண்டியில் ஒருகாலம் கருதப்பட்டதைப் போல.

கண்டியில் அடிகளார் அடக்கம் செய்யப்பட்ட ஆலயம் பிற்காலத்தில் அழிந்தது. அவரது கல்லறை இருந்த இடத்தை இன்று எவராலும் சுட்டிக்காட்ட இயலாது. ஆண்டுதோறும் ஜனவரி 16 ஆம் திகதி அவருக்காக நடைபெறும் வழிபாடுகள் கல்லறையின்றியே நடைபெறுகின்றன.